அரை மணி நேர ஆபரேஷன்

ஆண் குழந்தையின் விரைகள் விரைப்பைக்குள் உருவாவதில்லை. கருவிலிருக்கும் குழந்தையின் வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்கு அருகில் அவை தோன்றுகின்றன. கர்ப்பத்தின் ஏழாம் மாத வாக்கில், அடிவயிற்றுச் சுவரில் உள்ள சாய்வான ஒரு பாதை வழியாகத் தொடையிடுக்கைத் தாண்டிக் கீழே இறங்குகின்றன. வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வும் அந்தப் பாதைக்குள் நீள்கிறது. கொசுவலைக்குள் இருந்துகொண்டு விரலால் வலையைத் தள்ளினால் விரலைச் சுற்றி அது உறையாக நீளுமே, அப்படி. இறங்கும் வேலை முடிந்தபின் இந்த உறையின் வாய் தானாக ஒட்டி மூடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூடிவிடும். நிறைமாதத்தில் பிறந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை, மூடாத அந்த வாய் வழியாகக் குடல் இறங்குகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வேலையெல்லாம் முடிவதற்குள்ளேயே பிறப்பு நேர்ந்துவிடுவதால், அவர்களிடம் இது இன்னும் அதிகம். வலது விரை இடதைவிடத் தாமதமாக இறங்கும். அந்தப் பக்க வாயும் தாமதமாகத்தான் மூடும். குழந்தைகளின் குடலிறக்கத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் வலப்பக்கத்தில் வருவது இதனால்தான்.

இரண்டு வயதில் என் மகனுக்கு வந்ததும் வலப்பக்கம். அழும்போது தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைக்கும். தூங்கும்போது இருந்த இடமே தெரியாது. மதுரையில் நாங்கள் பார்த்த குழந்தைகள் அறுவை மருத்துவர் விரல் நுனியால் மெல்ல அழுத்தினார். உள்ளே போன குடலில் காற்றும் நீரும் குமிழியிடும் சத்தம் எங்களுக்கே கேட்டது. "ஹெர்னியாதான். அரை மணி நேர வேலை. சாயந்தரமே வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

வீட்டில் பேச்சு வேறு திசையில் போனது. பிள்ளையை அழவிட்டதால்தான் குடல் இறங்கிவிட்டது என்றார்கள் உறவினர்கள் சிலர். அரைஞாண் கயிற்றை இறுக்கமாகக் கட்டியிருந்தால் இப்படி வந்திருக்காது என்றார் அத்தை. இந்த இரண்டு பேச்சும் தமிழ்நாட்டில் எத்தனை தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அழுகை குடலிறக்கத்தை உண்டாக்குவதில்லை. அழும்போதும் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. பிறப்பதற்கு முன்பிருந்தே திறந்து கிடக்கும் வாய் வழியாகக் குடல் வெளியே தள்ளப்படுகிறது. ஏற்கெனவே இருப்பதை அழுகை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். இடுப்பைச் சுற்றி ஓடும் கயிற்றாலும் அந்த வாயை மூட முடியாது. வாய் இருப்பது கயிற்றுக்குக் கீழே, தசை அடுக்குகளுக்கு உள்ளே. அரைஞாண் நம் பிள்ளைகளுக்கு அழகு. அது அழகாகவே இருக்கட்டும். குடலிறக்கத்தைத் தடுப்பது அதன் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

தானே சரியாகிவிடுமா என்று கேட்டோம். எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்விதான். அதற்கான பதில் வீக்கத்தின் வகையைப் பொறுத்தது. திறந்திருக்கும் வாய் மிகக் குறுகலாக இருந்தால் வயிற்றுக்குள் உள்ள நீர் மட்டும் கசிந்து விரைப்பையில் தேங்கும். நீர்விரை எனப்படும் அந்த வீக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுக்குள் தானே வடிந்துவிடும். தொப்புளில் வரும் குடலிறக்கமும் நாலைந்து வயதுக்குள் அநேகமாக மூடிக்கொள்ளும். அதன்மேல் காசு வைத்துக் கட்டுவதால் தோல் புண்ணாவதைத் தவிர வேறு பலன் இல்லை. தொடையிடுக்குக் குடலிறக்கம் இந்த இரண்டிலும் சேராதது. குடல் போய்வரும் அளவுக்குத் திறந்த வாய் தானாக மூடாது. இறங்கிய குடல் அங்கேயே இறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கும். கூடவே விரைக்குப் போகும் ரத்தமும் தடைபடலாம். குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு இந்த ஆபத்து கூடுதல். பெண் குழந்தைகளுக்கும், குறைவாக என்றாலும், இது வருகிறது. அவர்களுக்குக் குடலுக்குப் பதில் சினைப்பையே இறங்கி மாட்டிக்கொள்வதுண்டு. வீக்கம் கல்லாக இறுகி, உள்ளே போகாமல், குழந்தை விடாமல் அழுது வாந்தியெடுத்தால், அது நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம்.

அறுவை எளிமையானது. அடிவயிற்றின் தோல் மடிப்போடு ஒட்டி ஒரு சிறு கீறல். பாதைக்குள் நீண்டிருக்கும் சவ்வுப் பையைத் தேடி எடுத்து, அதை ஒட்டி ஓடும் விந்துக்குழாயையும் ரத்தக்குழாய்களையும் காயப்படாமல் பிரித்து, பையின் கழுத்தில் ஊசியால் குத்திக் கட்டி, மிச்சத்தை வெட்டிவிடுகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையின் விந்துக்குழாய் நூல் பருமன்தான். மருத்துவரின் திறமை முழுக்க அதைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. பெரியவர்களுக்கு வைக்கும் வலை இங்கே தேவையில்லை. பெரியவர்களின் குடலிறக்கத்துக்குத் தசைத் தளர்ச்சி காரணம். குழந்தையின் தசை நன்றாகவே இருக்கிறது, மூடாத பை மட்டும்தான் பிரச்சினை. சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப் வழியாகவும் இதைச் செய்கிறார்கள்.

பையின் கழுத்தைக் கட்டும் இந்தச் சிகிச்சை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏறக்குறைய இதே வடிவில் நடந்துவருகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளுக்கான புறநோயாளர் பிரிவில் பத்தாண்டுகளில் செய்யப்பட்ட 8,988 அறுவைகளின் கணக்கை 1909-ல் வெளியிட்டார். குடலிறக்கமும் அதில் உண்டு. காலையில் அறுவை, பிறகு தாயின் கையில் வீடு. பால் குடிக்கும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வார்டில் போடுவது அதற்குக் கெடுதல் என்று அவர் அப்போதே எழுதினார். அவர் சொன்னதை உலகம் கேட்க இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. என் மகனின் ஆபரேஷனுக்காக நான் படித்ததிலும் கேட்டதிலும் என்னை மிகவும் பாதித்தது இதுதான். கத்தி செய்யும் வேலையில் பெரிய மாற்றமில்லை. குழந்தையின் பசி, பயம், வலி, அதைப் பெற்றவர்கள் நிற்கும் இடம், இவற்றைப் பற்றிய அறிவுதான் மாறியிருக்கிறது. அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் யாரோ வாதாடியதால் வந்தவை.

முதலில் குறித்த தேதியில் அறுவை நடக்கவில்லை. முந்தின நாள் மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது. "சளி முழுசா போகட்டும், சில வாரம் கழிச்சு வாங்க" என்று மயக்க மருந்து தரும் மருத்துவர் திருப்பி அனுப்பினார். லீவு போட்டு, சமையலுக்கு ஆள் ஏற்பாடு செய்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மறுப்பில் பெரிய அக்கறை இருக்கிறது. சளி பிடித்த குழந்தையின் மூச்சுப்பாதை எரிச்சலோடு இருக்கும். மயக்கம் ஏறும்போதோ இறங்கும்போதோ குரல்வளை சட்டென்று இறுகி மூடிக்கொள்ளும் வாய்ப்பு அப்போது கூடுகிறது. சளி வடிந்த பிறகும் அந்த எரிச்சல் சில வாரங்கள் நீடிக்கும். இருமலை மறைத்து, "சும்மா தூசிதான் டாக்டர்" என்று சொல்லிப் பிள்ளையை உள்ளே அனுப்பும் பெற்றோர் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்த முறை பட்டினி விதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். திட உணவும் பசும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பு, தாய்ப்பால் நாலு மணி நேரத்துக்கு முன்பு, தண்ணீர் போன்ற தெளிந்த பானம் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும். விழித்திருக்கும்போது வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவது நுரையீரலுக்குள் போகாமல் இருமலும் விழுங்கலும் காவல் காக்கின்றன. மயக்க மருந்து அந்தக் காவலை நீக்கிவிடுகிறது. வயிற்று அமிலம் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை, பிரசவத்தின்போது மயக்க மருந்து பெற்ற தாய்மார்களிடம் ஆராய்ந்து கர்ட்டிஸ் மெண்டல்சன் 1946-ல் விளக்கினார். பட்டினி விதியின் வேர் அங்கே இருக்கிறது. பசும்பால் வயிற்றில் திரிந்து கட்டியாவதால் அது திட உணவுக் கணக்கில் சேர்கிறது. கஞ்சித் தண்ணீரும் அப்படித்தான். வடிகட்டினாலும் அது தெளிந்த பானம் ஆகாது.

எச்சரிக்கைக்காக "ராத்திரியிலிருந்தே ஒன்றும் கொடுக்காதே" என்று சொல்லும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சிறு குழந்தைக்கு அது தண்டனை. அதன் உடலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. தண்ணீர் வற்றினால் ஊசி போட ரத்தக்குழாய் கிடைப்பதும் கடினம். தெளிந்த பானத்தை அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் 2018-ல் கூட்டாக அறிவித்தன. விதியின் மறுபாதி நமக்கு முக்கியம்: எப்போது நிறுத்த வேண்டும் என்பதோடு, எதுவரை கொடுக்கலாம் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் எழுப்பிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். பிஸ்கட்டில் அவன் நினைவு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சமிருந்த வேலை.

எடை பார்த்தார்கள்: 12 கிலோ. மறுபடியும் பார்த்தார்கள். குழந்தைக்கான ஒவ்வொரு மருந்தும் கிலோ கணக்கில்தான் அளக்கப்படுகிறது. அந்த எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவு. இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றினார்கள். ரத்தக்கசிவை நிறுத்தப் பயன்படும் மின்சாரக் கருவி வேலை செய்யும்போது, தோலைத் தொடும் உலோகம் சூடாகிக் காயம் உண்டாக்கக்கூடும். புறங்கையில் மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி ஒட்டுப்போட்டார்கள். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் வேண்டும். ஊசி குத்தும் நேரத்தில் தடவுவதில் பயனில்லை.

தியேட்டர் வாசலில் வரும் கேள்வி, தாய் உள்ளே வரலாமா என்பது. இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1952-ல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் வார்டில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் பின்தொடர்ந்தது அந்தப் படம். அந்தக் காலத்து இங்கிலாந்து மருத்துவமனைகளில் பெற்றோர் உடன் தங்க முடியாது. பார்க்க வருவதற்கும் கட்டுப்பாடு. சிறுமி பெரிதாக ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அம்மாவைக் கேட்டு, அழுகையை அடக்கி, நாளடைவில் அம்மா வரும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள். சத்தம் போடாத பிள்ளையைப் பார்த்து "பழகிவிட்டது" என்று வார்டில் சொல்வது வழக்கம். பழகவில்லை, நம்பிக்கை இழந்திருக்கிறது என்று ராபர்ட்சன் வாதாடினார். மருத்துவர்களின் சபையில் படத்தைத் திரையிட்டபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அவரோடு டாவிஸ்டாக் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜான் பௌல்பி, தாய்க்கும் குழந்தைக்குமான பிணைப்பைப் பற்றிய தன் கோட்பாட்டை உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1959-ல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் பார்க்கலாம், சிறு குழந்தைகளின் தாய் உடன் தங்கலாம் என்று பரிந்துரைத்தது.

நம் ஊர்க் குழந்தைகள் வார்டில் தாய் உடனிருப்பதை யாரும் ஆராய்ச்சி செய்து கொண்டுவரவில்லை. பாயும் சொம்புமாகக் குடும்பமே வந்து தங்கும் வழக்கமும், செவிலியர் எண்ணிக்கைக் குறைவும் சேர்ந்து அதை விதியாக்கின. காரணம் எதுவானாலும், இங்கிலாந்து போராடிப் பெற்றது நம் பிள்ளைகளுக்கு முன்பே கிடைத்திருக்கிறது. அதை நாம் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

மயக்கம் கொடுக்கும் அறைக்குள் பெற்றோர் வருவது தனி விஷயம். அது எல்லா இடத்திலும் அனுமதிக்கப்படுவதில்லை. அனுமதித்தாலும், உடனிருப்பது மட்டுமே குழந்தையின் பதற்றத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. நடுங்கும் தாயைவிட, முன்கூட்டியே வாய்வழியாகக் கொடுக்கும் மிடசோலம் போன்ற அமைதி மருந்து நன்றாக வேலை செய்கிறது. எங்கள் மகனுக்கும் அதையே கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் அவன் என் தோளில் சாய்ந்து, குறிப்பாக எதையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். செவிலியர் கை நீட்டியதும் அழாமல் போனான். அழாமல் போனது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, தொண்டையை அடைக்கவும் செய்தது.

உள்ளே நடப்பதை மருத்துவர் முன்பே விளக்கியிருந்தார். முகமூடி வழியாக ஆக்ஸிஜனோடு செவோஃப்ளூரேன் என்ற வாயு. மூக்கை அரிக்காத, லேசான இனிப்பு வாசனை கொண்டது. 1990-ல் ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்து, குழந்தைகளுக்கு ஊசியில்லாமல் மயக்கம் தொடங்குவதை எளிதாக்கியது. சிறு குழந்தை பெரியவர்களைவிட விரைவாக மயங்குகிறது. அதன் நுரையீரலில் தங்கியிருக்கும் காற்றின் அளவோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே போய்வரும் காற்று மிக அதிகம் என்பதால், வாயு சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும். ஆழ்ந்த மயக்கத்துக்கு முன் சில விநாடிகள் கண்கள் மேலேறும், கைகால் உதறும். அதைக் கண்டு பயந்துபோகும் பெற்றோர் உண்டு. அது மயக்கத்தின் ஒரு படி.

இந்த நிலையைத் தூக்கம் என்று நாம் பிள்ளையிடம் சொல்கிறோம். உண்மையில் தட்டினாலும் கீறினாலும் விழிக்காத நிலை தூக்கமாகாது. மூளையின் நரம்புகளை அடக்கி வைக்கும் இயல்பான சமிக்ஞைகளை இந்த மருந்து பலமடங்கு வலுவாக்குகிறது. மூச்சு விடும் உந்துதலும் உடல் வெப்பத்தைக் காக்கும் ஆற்றலும் கூடவே குறைகின்றன. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் வேகமாகக் குளிர்ந்துவிடும். தியேட்டரில் சூடேற்றும் போர்வை வைத்திருப்பது இதற்காக. ஆக்ஸிஜன் செலவும் கிலோவுக்குப் பெரியவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மூச்சு தடைபட்டால் மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி குளோரோஃபார்ம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்தாள். கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் கொடுத்த மயக்கம் அது. வெட்டு சிறியதாக இருப்பதால் மயக்கம் சிறியதாகிவிடுவதில்லை என்பதை மருத்துவ உலகம் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது. உதட்டின் நிறத்தைப் பார்த்தே ஆக்ஸிஜன் அளவைக் கணித்த காலம் நெடுங்காலம் நீடித்தது. ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970-களில் கண்டறிந்த முறையால், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பிறந்தது. இன்று மயக்கம் கொடுக்கும் அறையில் நின்று கவனித்தால் அதன் ஒலிதான் முதலில் காதில் விழும்.

வெளியே காத்திருந்தபோது என் கணவர் கேட்டது, பெற்றோர் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி: "இந்த மருந்து அவன் மூளைய ஏதாவது பண்ணிருமா?" வீணான பயம் என்று தள்ளிவிட முடியாது. பிறந்து ஏழு நாளான எலிக்குஞ்சுகளுக்குச் சில மயக்க மருந்துகளைச் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தபோது மூளைச் செல்கள் அழிந்ததையும், பிற்பாடு அவற்றின் கற்கும் திறன் குறைந்ததையும் 2003-ல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதக் குழந்தைகளிடம் இதைச் சோதிக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டது தொடையிடுக்குக் குடலிறக்க அறுவையைத்தான். மற்றபடி ஆரோக்கியமான குழந்தைகள், ஒரே ஒரு முறை, குறுகிய நேர மயக்கம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான சூழல் கிடைப்பது அரிது. அமெரிக்காவில் நடந்த பாண்டா ஆய்வு 105 உடன்பிறப்பு இணைகளை எடுத்துக்கொண்டது. ஒருவர் மூன்று வயதுக்குள் இந்த அறுவைக்காக மயக்கம் பெற்றவர், மற்றவர் பெறாதவர். 8 முதல் 15 வயதுக்குள் சோதித்தபோது அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை. 2016-ல் முடிவு வெளியானது. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளைக் கொண்டு காஸ் என்ற பெயரில் இன்னொரு ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்குச் செவோஃப்ளூரேன் மயக்கம், பாதிப்பேருக்கு விழித்தநிலையில் முதுகில் போடும் மரப்பு ஊசி. ஐந்து வயதில் இரு குழுவின் அறிவுத்திறனும் ஒன்றாகவே இருந்ததை 2019-ல் அறிவித்தார்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட, அல்லது திரும்பத் திரும்ப வரும் மயக்கத்தைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. தள்ளிப்போடக்கூடிய நீண்ட அறுவைகளில் அதை எடைபோட வேண்டும். எங்கள் பிள்ளையின் அரை மணி நேரத்தைப் பொறுத்தவரை, வேறு வீட்டுக் குழந்தைகள் பங்கெடுத்த அந்த ஆய்வுகள்தான் எங்களுக்குத் தைரியம் தந்தன. அந்தப் பெற்றோர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

வலிக்கு வருகிறேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. கைக்குழந்தைகளுக்கு நரம்பு மண்டலம் முதிரவில்லை, வலியை உணராது, உணர்ந்தாலும் நினைவில் நிற்காது என்ற நம்பிக்கை 1980-கள் வரை மருத்துவத்தில் இருந்தது. மயக்க மருந்தின் ஆபத்துக்கு அஞ்சி, அசைவை நிறுத்தும் மருந்தை மட்டும் கொடுத்துச் சிசுக்களுக்கு அறுவை செய்தார்கள். 1985-ல் அமெரிக்காவில் அப்படி அறுவை செய்யப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை சில வாரங்களில் இறந்தது. நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்ட தாய் விடாமல் கடிதம் எழுதினார், பத்திரிகைகளிடம் பேசினார். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த கன்வல்ஜீத் சிங் ஆனந்த், அதே காலத்தில் அளந்து காட்டினார். வலி நிவாரணியான ஃபென்டனில் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது உடல் நெருக்கடி ஹார்மோன்கள் மிகக் குறைவாகச் சுரந்தன, பின்விளைவுகளும் குறைந்தன. 1987-ல் லான்செட் இதழில் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு பழைய வாதத்துக்கு இடமில்லாமல் போனது.

மறந்துவிடும் என்ற வாதத்துக்கும் பதில் வந்தது. வலி மருந்தில்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நாலு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகத் துடிப்பதை டொராண்டோவில் அன்னா டாடியோ குழுவினர் 1997-ல் கண்டார்கள். மரப்புக் களிம்பு பெற்றவர்களிடம் அந்தத் துடிப்பு குறைந்திருந்தது. நடந்ததைச் சொல்லத் தெரியாத வயதிலும் உடல் அதை வைத்திருக்கிறது.

என் மகன் மயங்கியபின் அவனைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகெலும்பின் கடைக்கோடியில், வாலெலும்புக்குச் சற்று மேலே உள்ள இடைவெளி வழியாக மரப்பு மருந்து செலுத்தினார்கள். சிறு குழந்தைகளில் அந்த இடைவெளியைத் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் வலி தெரியாது. மயக்க வாயுவும் குறைவாகத் தேவைப்படும். "எழுந்ததும் கால் கொஞ்சம் தள்ளாடும், நடக்க விடாதீங்க" என்று சொல்லியிருந்தார்கள்.

ஆனால் விழித்தபோது நான் பார்த்ததற்கு என்னை யாரும் தயார்ப்படுத்தவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை என்னைத் தாண்டிப் போனது. முதுகை வளைத்து, என் கையைத் தள்ளி, "அம்மா, அம்மா" என்று என்னிடமே கத்தினான். என்னை அடையாளம் தெரியவில்லை. வலியால் துடிக்கிறான் என்று நினைத்தேன். "பயப்படாதீங்கம்மா, பிள்ளை இன்னும் முழுசா முழிக்கல. கீழே விழாமப் பிடிச்சுக்கங்க போதும்" என்றார் பக்கத்தில் நின்ற செவிலியர். மயக்கம் தெளியும்போது வரும் இந்தக் குழப்பநிலை இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், அதிலும் செவோஃப்ளூரேனுக்குப் பிறகு, அடிக்கடி காணப்படுகிறது. கண்ணோடு கண் பார்க்கிறதா, செய்கையில் நோக்கம் இருக்கிறதா, சுற்றுப்புறம் தெரிகிறதா, அமைதியற்று இருக்கிறதா, தேற்ற முடிகிறதா என்ற ஐந்து கேள்விகளால் இதை மதிப்பிடும் அளவுகோல் 2004-ல் வந்தது. முதல் மூன்றும்தான் இதை வலியிலிருந்து பிரித்துக் காட்டுபவை. வலியில் அழும் குழந்தை தாயைப் பார்க்கும். இந்தக் குழப்பத்தில் இருக்கும் குழந்தை பார்ப்பதில்லை. பெரும்பாலும் கால் மணி, அரை மணிக்குள் தானே அடங்கும். குழந்தைக்கு இது நினைவில் நிற்பதுமில்லை. கையெழுத்து வாங்கும்போதே ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் இதை ஒரு நிமிடம் சொல்லிவிட வேண்டும். மருந்துச் செலவில்லாத உபகாரம் அது. சற்று நேரத்தில் அவன் அசந்து தூங்கினான். மறுபடி விழித்தபோது என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டான்.

சாயந்தரம் வீடு. மரப்பு விட்டுப்போகும் முன்பே பாராசிட்டமால் தொடங்கச் சொன்னார்கள், வலி ஏறியபின் துரத்துவது கடினம் என்பதால். இங்கே எல்லாப் பெற்றோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் மருந்துக் கடைகளில் இந்த மருந்து 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு வீரியத்தில் சிரப்பாகவும், ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி, சொட்டு மருந்தில் 1.8 மில்லி. "போன தடவை இவ்வளவு கொடுத்தோம்" என்ற கணக்கு பாட்டில் மாறினால் ஆபத்தாகிவிடும். மருத்துவர் எழுதிய வீரியமும் கையிலிருக்கும் வீரியமும் ஒன்றுதானா என்று பார்த்து, மருந்தோடு வரும் அளவுக்குப்பியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளக்க வேண்டும். சமையலறைக் கரண்டி வேண்டாம்.

பேசத் தெரியாத குழந்தையின் வலியை முகம், கால், அசைவு, அழுகை, தேறும் தன்மை ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பிடுகிறார்கள். கால்களை வயிற்றோடு இழுத்து வைத்திருப்பதும், தூக்கினாலும் தேறாததும் வலியின் அடையாளங்கள். அவனுக்கு இரண்டாம் நாளே மருந்து தேவைப்படவில்லை. கட்டில்மேல் ஏறிக் குதிக்கத் தொடங்கினான். தடுக்கலாமா என்று போன் செய்து கேட்டபோது, இந்த வயதில் யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம், தையல் தாங்கும் என்றார் மருத்துவர். தோலுக்கடியில் போட்ட தையல் தானே கரைந்துவிடும் வகை.

உடம்பு தேறியபின்னும் மனம் சற்றுப் பின்தங்கியது. சில இரவுகள் அலறி எழுந்தான். கழிப்பறைக்குள்கூட என்னைத் தனியே விடவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அறுவைக்குப் பிறகு குழந்தைகளிடம் வரும் இத்தகைய மாற்றங்களை டேவிட் லெவி 1945-லேயே பதிவு செய்திருக்கிறார். ஒட்டிக்கொள்ளுதல், தூக்கக் கெடுதல், விட்டுப்போன பழக்கங்கள் திரும்பி வருதல், இவை பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடுகின்றன. செல்லம் கொடுத்தால் கெட்டுவிடுவான் என்று சொன்னவர்களின் பேச்சை நான் கேட்கவில்லை. அவன் கேட்ட நேரமெல்லாம் தூக்கினேன்.

மறுபரிசோதனையில் தழும்பைப் பார்த்துவிட்டு, மருத்துவர் இடப்பக்கத்தையும் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் சரிசெய்த குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேருக்குப் பிற்பாடு மறுபக்கமும் குடல் இறங்குவதுண்டாம். "அவன் முக்கும்போதும் இருமும்போதும் அந்தப் பக்கத்தையும் ஒரு கண் பார்த்துக்கங்க. புடைச்சா போட்டோ எடுத்து வைங்க, இங்க வரும்போது உள்ள போயிருக்கும்" என்றார்.